ஒரு பொலிஸ் படமும் அதன் பாடபேதங்களும்

“பண்டிதருக்குப் பொலிஸ் படத்திலே என்ன அலுவல்?” என்று வாசகர் கேட்பர். கேட்பது நியாயமே. இலக்கணமும் உரையும் படிப்பித்துத் தலை நரைத்தவன், நியூ யோர்க் நகரத்து அழுக்குத் தெருக்களிலே போதைப்பொருள் வியாபாரிகளைத் துரத்தும் ஒரு துப்பறியும் உத்தியோகத்தனைப் பற்றி எழுதப் புகுவது இயைபில்லாத காரியம் போலவே தோன்றும். ஆயினும் இயைபு உண்டு. ஒரு நூலின் மூலபாடம் யாது? அதனைத் திருத்தும் உரிமை யாருக்கு உண்டு? திருத்தியவர், ‘திருத்தினேன்’ என்று சொல்லக் கடமைப்பட்டவரா, அல்லரா? இம்மூன்று வினாக்களும் ஏட்டுச் சுவடிக் காலத்தோடு ஒழிந்துபோனவை அல்ல. இன்று வீட்டிலிருந்து பார்க்கும் இறுவட்டிலும் இணையவழித் திரையிலும் அவை புதிய வேடம் பூண்டு நிற்கின்றன. அவ்வினாக்களை மிகத் தெளிவாக எழுப்பிய படம் ஒன்று உண்டு. அதன் வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘த பிரெஞ்ச் கொனெக்‌ஷன்’ என்பது அப்படத்தின் பெயர். ‘பிரெஞ்சுத் தொடர்பு’ என்று தமிழிலே சொல்லலாம். 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே அமெரிக்காவில் வெளிவந்தது. பிலிப் டன்ரோனி தயாரித்தார். வில்லியம் பிரீட்கின் இயக்கினார். ஏர்னஸ்ட் ரைடிமன் திரைக்கதை எழுதினார். ஓவன் றொய்ஸ்மன் ஒளிப்பதிவு செய்தார். ஜிம்மி டொய்ல் என்னும் துப்பறியும் பொலிஸ் உத்தியோகத்தனாக ஜீன் ஹக்மன் நடித்தார். அவன் துணைவன் றூசோவாக றோய் ஷைடர் நடித்தார். 1972 ஏப்பிரலில் நடந்த ஒஸ்கார் விழாவிலே சிறந்த படம், சிறந்த இயக்கம், சிறந்த நடிகர், தழுவல் திரைக்கதை, படத்தொகுப்பு என ஐந்து பரிசுகள் இதற்குக் கிடைத்தன. பேணிக் காத்தற்குரிய படங்களுக்கென அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வைத்திருக்கும் பதிவேட்டிலே 2005ஆம் ஆண்டு இதுவும் இடம்பெற்றது.

கதைக்குப் பின்னுள்ள கதை

இப்படத்தின் கதை முழுவதும் கற்பனை அன்று. 1961ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, எடி ஈகன், சொனி குறோசோ என்னும் நியூ யோர்க் பொலிஸ் உத்தியோகத்தர் இருவர், ஓர் இரவு விடுதியிலே காசைத் தண்ணீராய் இறைத்த ஒருவனைக் கண்டு ஐயுற்றனர். அவனைப் பின்தொடர்ந்தனர். பின்தொடரப் பின்தொடர, பிரான்சு தேசத்திலிருந்து கடல் கடந்து வரும் ஹெரோயின் வாணிகம் ஒன்று அவர்கள் கண்ணுக்குப் புலனாயிற்று. பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தி வந்த ஜாக் ஆஞ்செல்வன் என்பவரின் பியூக் காரிலே மறைத்துக் கொண்டுவரப்பட்ட சரக்கு அது. 1962இல் கைப்பற்றப்பட்ட அதன் நிறை 112 இறாத்தல். றொபின் மூர் என்னும் எழுத்தாளர் இவ்வழக்கை 1969இல் நூலாக்கினார். அந்நூலினின்றும் பிறந்ததே படம்.

உண்மை வழக்கை நடத்திய ஈகனும் குறோசோவும் படப்பிடிப்பிலே கூடவே இருந்தனர். ஈகன், டொய்லின் மேலதிகாரியாகப் படத்தில் நடித்துமிருக்கிறார். குறோசோவுக்கும் ஒரு சிறு வேடம் உண்டு. தம்மைப் போல் ஒருவர் நடிக்க, அவரை அதட்டும் அதிகாரியாகத் தாமே நடிப்பது எத்தகைய அனுபவமாக இருந்திருக்கும்! உலகத்து நாடக மேடைகளிலே இப்படி ஒரு நிகழ்ச்சி அரிதினும் அரிது.

பிரீட்கின் சிக்காகோ நகரத்தவர். கதைப்படம் எடுக்க வருவதற்கு முன்னே, உண்மை நிகழ்ச்சிகளைப் படமாக்கும் தொழிலிலே பயின்றவர். மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்த போல் கிறம்ப் என்பவரைப் பற்றி 1962இல் அவர் எடுத்த விவரணப்படம் பேர்பெற்றது. அந்தப் பயிற்சியின் சுவடு ‘பிரெஞ்சுத் தொடர்பி’ன் ஒவ்வொரு காட்சியிலும் தெரிகின்றது. படப்பிடிப்பு 1970, 71ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலே, நியூ யோர்க்கின் உண்மைத் தெருக்களிலும் உண்மைக் கட்டடங்களிலும் நடந்தது. கமராவைக் கையிலே தாங்கி இயக்கியவர் என்றிக்கே பிராவோ. கியூபப் புரட்சியை நேரிலே படம்பிடித்தவர் அவர். நடிகர்களின் ஒத்திகையைப் பிரீட்கின் பல வேளைகளில் அவருக்குக் காட்டுவதில்லையாம். நடிப்புத் தொடங்கிய பின்னரே அவர் அதனைத் தேடிப் பிடிக்க வேண்டும். தெருவிலே திடீரென நிகழும் சண்டையை வழிப்போக்கன் ஒருவன் தலையைத் திருப்பிப் பார்ப்பது போல, அக்கமரா திடுக்கிட்டுத் திரும்புகின்றது. சற்றே பிந்தி வந்து சேர்கின்றது. அந்தப் பிந்துதலிலே உண்மை பிறக்கின்றது.

றொய்ஸ்மனின் ஒளியும் அத்தகையதே. மிகுந்த விளக்குகளை ஏற்றி முகங்களைப் பளபளக்கச் செய்யும் பழைய முறையை அவர் கைவிட்டார். கிடைத்த வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, படச்சுருளை இரசாயனத்திலே கழுவும்போது அதன் ஒளியைச் சற்று உயர்த்தி, குளிர்காலத்துச் சாம்பல் நிறத்தை அப்படியே பதித்தார். வானம் ஈயம் போன்றது. சுவர்கள் கரி படிந்தவை. மனிதர் வாயிலிருந்து ஆவி எழுகின்றது. படத்தின் பரப்பிலே மணல் தூவியது போன்ற புள்ளிகள் தெரியும். அப்புள்ளிகளைக் குறையென்று கொள்ளலாகாது. அவை அவ்வூரின் தூசி போல அப்படத்துக்கே உரியவை.

சில காட்சிகள்

படத்தின் சிறப்புக்கு எடுத்துக்காட்டாகச் சில இடங்களைச் சொல்கிறேன்.

ஷார்னியே என்னும் பிரெஞ்சுக் கடத்தற்காரன், தன் கூட்டாளியோடு உயர்ந்த உணவுச்சாலை ஒன்றிலே இருந்து உண்கிறான். மேசைமீது வெண்துணி, குவளையிலே மது, பரிசாரகர் குனிந்து பரிமாறுகின்றனர். எதிரே, தெருவோரத்துக் கடை வாசலிலே, உறையும் குளிரில் டொய்ல் நிற்கிறான். கையிலே ஒரு துண்டுப் பீற்ஸா. மற்றக் கையிலே கடதாசிக் கோப்பையில் கோப்பி. ஒரு வாய் குடித்துவிட்டு அதனைத் தெருவிலே ஊற்றுகிறான். வசனம் எதுவும் இல்லை. குற்றவாளி சுகமாக இருக்கிறான், காவலன் நடுங்குகிறான். நூறு பக்கங்களில் எழுதவேண்டிய சமூக வேறுபாட்டை அரை நிமிடத்திலே சொல்லிவிட்டது அக்காட்சி. குறிப்புப் பொருள் என்று நாம் வகுப்பிலே படிப்பிப்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

அந்த ஷார்னியேயாக நடித்தவர் பெர்னாண்டோ றே. அவர் வந்த கதையும் சுவையானது. பிரீட்கின் மனத்திலே கொண்டிருந்தவர் வேறொரு ஸ்பானிய நடிகர். பெயர்க் குழப்பத்தால் அழைத்து வரப்பட்டவர் றே. கூரிய தாடியும் மென்னடையும் கைப்பிடிக் குடையுமாக வந்த அப்பெருமகனைக் கண்டதும் இயக்குநர் திகைத்தார். பின்னர் அவரையே ஏற்றுக்கொண்டார். டொய்லின் முரட்டுத்தனத்துக்கு எதிரே அந்த நயம் அமைந்ததனாலன்றோ படம் இரட்டிப்பு வலிமை பெற்றது! சுரங்கப் புகையிரத நிலையத்திலே, ஏறுவதும் இறங்குவதுமாகப் போக்குக் காட்டி, குடை நுனியால் கதவைத் தடுத்துத் தப்பிச் செல்லும் அவன், ஓடும் வண்டியிலிருந்து டொய்லுக்குக் கையசைக்கிறான். படத்தின் இறுதியிலே டொய்ல் அதே கையசைப்பைத் திருப்பிக் கொடுக்கிறான்.

காரைப் பிரித்துத் தேடும் காட்சி இன்னொன்று. பொலிஸ் தொழிற்கூடத்திலே ஒரு லிங்கன் காரை ஆணி ஆணியாகக் கழற்றுகின்றனர். ஒன்றும் அகப்படவில்லை. காரின் உரிய நிறையையும் நிறுத்துக் கண்ட நிறையையும் ஒப்பிட்டபோது 120 இறாத்தல் மிகுதி. எண் பொய் சொல்லாது. எஞ்சிய ஓர் இடம் கதவின் கீழ்த் தகடு, அங்கேதான் இருந்தது. துப்பறிதல் என்பது மின்னல் போன்ற ஞானம் அன்று, பொறுமையாகக் கழித்துக் கழித்து எஞ்சியதைக் காணும் கணக்கு என்பதை இக்காட்சி போல் விளக்கியது பிறிதில்லை.

துரத்தற் காட்சியைச் சொல்லாமல் விட்டால் வாசகர் மன்னியார். புறூக்ளினிலே, தூண்களின்மேல் ஓடும் புகையிரதத்திலே கொலையாளி. அதன் கீழ்த் தெருவிலே, யாரோ ஒருவரிடமிருந்து பறித்த போன்ரியாக் காரிலே டொய்ல். உண்மை வழக்கிலே இப்படியொரு துரத்தல் நிகழ்ந்ததில்லை. தாம் முன்னர் தயாரித்த ‘புலிற்’ என்னும் 1968ஆம் ஆண்டுப் படத்தின் கார்த் துரத்தலை வெல்ல வேண்டும் என்று தயாரிப்பாளர் விரும்பியதன் விளைவு இது. கார் ஓட்டியவர் பில் ஹிக்மன் என்னும் தேர்ந்த சாரதி. பிள்ளைகுட்டிக்காரரான ஒளிப்பதிவாளரை அபாயத்துக்கு உட்படுத்தாமல், பின்னாசனத்திலிருந்து தாமே கமராவைப் பிடித்ததாகப் பிரீட்கின் கூறியிருக்கிறார். போக்குவரத்து முற்றாக நிறுத்தப்படாத தெருக்களிலே அவ்வாறு ஓடியது துணிவா, பொறுப்பின்மையா என்ற கேள்வியை அவரே பிற்காலத்தில் தமக்குள் கேட்டுக்கொண்டார். அப்படி இனிச் செய்யமாட்டேன் என்றும் சொன்னார்.

நாயகன் நல்லவன் அல்லன்

இனி, படத்தின் உயிர்நிலைக்கு வருவோம். டொய்ல் நல்லவன் அல்லன். குடிப்பவன், முரடன், ஐயம் நிறைந்தவன், கறுப்பு இனத்தவரை இழிவாகப் பேசுபவன். குற்றவாளியைப் பிடிப்பதே அவனுக்கு மோட்சம். அதற்காக யாரை நோவச் செய்யவும் தயங்கான். நிராயுதபாணியான கொலையாளியை நிலையப் படிக்கட்டிலே முதுகிற் சுடுகிறான். முடிவிலே, பாழடைந்த கட்டடத்துள்ளே நிழலைக் கண்டு சுடுகிறான். விழுந்தவன் ஷார்னியே அல்லன், தன் பக்கத்து மத்திய அரசின் அதிகாரி. டொய்ல் கலங்கவில்லை. துப்பாக்கியை மீண்டும் நிரப்பிக்கொண்டு இருளுக்குள்ளே நடக்கிறான். ஒரு வெடிச்சத்தம் கேட்கின்றது. படம் முடிகின்றது.

பின்னர் எழுத்துக்கள் தோன்றுகின்றன. ஒருவன்மீது வழக்குப் போதிய சான்றின்றித் தள்ளுபடியாயிற்று, ஒருத்தியின் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, ஒருவனது தண்டனை குறைக்கப்பட்டது, ஷார்னியே பிடிபடவேயில்லை, டொய்லும் றூசோவும் அப்பிரிவினின்றும் மாற்றப்பட்டனர். இவ்வளவு துரத்தலுக்கும் இவ்வளவு இரத்தத்துக்கும் கிடைத்த பயன் இதுவே. அறம் வென்றது என்று படம் சொல்லவில்லை. ‘இத்தகைய மனிதன் நம்மைக் காக்கின்றான், இதற்கு நாம் கொடுக்கும் விலை யாது?’ என்று கேட்டுவிட்டு நிற்கின்றது. டொய்லின் இழிசொற்களைப் பேச ஹக்மன் மிகவும் கூசினார் என்பதும், இயக்குநரே அவரை வற்புறுத்தி அப்பாத்திரத்துள் தள்ளினார் என்பதும் பதிவாகியுள்ள செய்திகள். நடிகனைக் கூசச் செய்த அந்தக் கசப்பே படத்தின் உண்மை.

வீட்டுக்கு வந்த படம்

படமாளிகையிலே ஓடி மறைந்த படம், வீட்டுக்கு வரும் வழி பின்னாளிலே திறந்தது. 1977இல் ஆந்திரே பிளே என்னும் அமெரிக்கர், இருபதாம் நூற்றாண்டு பொக்ஸ் நிறுவனத்திடம் ஐம்பது படங்களின் உரிமையைப் பெற்று வீடியோ நாடாவாக விற்கத் தொடங்கினார். அன்று தொடங்கியது வீட்டுச் சினிமாக் காலம். ‘பிரெஞ்சுத் தொடர்பு’ம் நாடாவாக வந்தது. 2001இல் இரண்டு இறுவட்டுக்கள் கொண்ட டி.வி.டி. பதிப்பாக வந்தது. அதிலே இயக்குநரின் விளக்கவுரை, நடிகரின் விளக்கவுரை, நீக்கப்பட்ட காட்சிகள், படம் உருவான வரலாறு என்பனவெல்லாம் சேர்க்கப்பட்டிருந்தன. மூலமும் உரையும் ஒருங்கே அமைந்த நல்ல பதிப்பு என்று நம் மரபிலே நின்று அதனைச் சொல்லலாம்.

2009ஆம் ஆண்டு பெப்ரவரியிலே, மிகத் தெளிவான புளூ ரே இறுவட்டாகப் படம் வெளிவந்தது. அப்போதுதான் பூசல் மூண்டது. பிரீட்கின் படத்தின் நிறத்தையே மாற்றிவிட்டார். முழுப்படத்துக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் பிரதி செய்து, நிறத்தை மிகைப்படுத்திச் சற்றே மங்கலாக்கிய இன்னொரு பிரதியை அதன்மேற் பொருத்தினார். ஜோன் ஹியூஸ்ரன் 1956இல் எடுத்த ‘மோபி டிக்’ படத்தின் நிறமுறையே தமக்கு வழிகாட்டி என்றார். ஒளிப்பதிவாளர் றொய்ஸ்மனைக் கலந்து பேசவில்லை. றொய்ஸ்மன் வெகுண்டார். அந்நிறத்துக்குத் தாம் பொறுப்பல்லர் என்று வெளிப்படையாகவே அறிவித்தார். படத்தை விரும்புவோரும் இரு கட்சியாயினர்.

இரண்டு பதிப்பையும் ஒருங்கே பார்க்கும் வாய்ப்பு எனக்குத் தமக்கையின் மகனாலே கிடைத்தது. இறுவட்டுக்களைச் சேர்த்து வைப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. 2009ஆம் ஆண்டுப் பதிப்பை முதலிலே போட்டான். மனிதரின் முகங்களிலே நீலமும் ஊதாவும் ஓடின. சிவப்பு விளக்குகள் தம் எல்லையைக் கடந்து கசிந்தன. கறுப்பு மிகக் கறுத்தது. புள்ளிகள் பருத்துத் தெரிந்தன. “தம்பி, இறுவட்டுப் பழுதோ?” என்றேன்.

“பழுதில்லை மாமா. டிரெக்டரே இப்பிடித்தான் வேணுமெண்டு செய்வித்தவர். எப்பிடிச் செய்தது எண்டு இதிலேயே சொல்லியும் இருக்கிறார், பாருங்கோ” என்றான்.

அவன் சொன்னது மெய். நிறத்தை மாற்றிய விதத்தைப் பிரீட்கின் தாமே நின்று விளக்கும் ஒரு சிறு படம் அதே இறுவட்டிலே இருந்தது. அதன்பின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பைப் போட்டான். இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் மீண்டும் ஒன்றுபட்டு, பழைய நிறத்தைத் தழுவிச் செய்வித்த பதிப்பு அது. உணவுச்சாலைக்கு எதிரே டொய்ல் குளிரிலே நிற்கும் காட்சி வந்தது. இப்போது ஈய நிறத்து வானம் ஈய நிறமாகவே இருந்தது. குளிரினாலே சிவந்த மூக்கு, மூக்காகவே சிவந்திருந்தது. முன்னைய பதிப்பிலே ஓர் ஓவியத்தைக் கண்டேன். இதிலே ஒரு தெருவைக் கண்டேன். இவ்விரண்டினுள்ளே எது படத்தின் இயல்புக்கு ஏற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. கமரா உண்மையைத் தேடி அலைய, நிறம் மட்டும் கற்பனையிலே மிதக்குமாயின் இரண்டும் ஒட்டா.

ஆக்கியோன் உரிமை

ஆயினும், படத்தை ஆக்கியவர் பிரீட்கின் அன்றோ? தம் நூலைத் தாமே திருத்த அவருக்கு உரிமை இல்லையா? இவ்வாறு கேட்போர் உளர். கேள்வி வலியது, தட்டிக் கழித்தற்குரியது அன்று.

ஓர் ஆசிரியன் தன் நூலின் இரண்டாம் பதிப்பிலே பாடலை மாற்றுவதை நாம் தடுப்பதில்லை. ஆனால் முதற் பதிப்பைப் படித்து மனத்திலே இருத்தியவர் எத்தனையோ பேர். வெளிப்பட்ட நூல் ஆக்கியோனுக்கு மட்டும் உரியதாய் நிற்பதில்லை, கற்றோருக்கும் உரியதாகின்றது. மேலும், சினிமா ஒருவர் ஆக்கம் அன்று. நிறமும் ஒளியும் றொய்ஸ்மனின் கைவினை. அவரைக் கேளாமல் அதனை மாற்றுவது, பாட்டை எழுதியவர் இருக்க, அதன் பண்ணை வகுத்தவரைத் தள்ளிவிட்டுப் பண்ணை மாற்றுவது போலாகும். 1973இல் ‘எக்சோர்சிஸ்ற்’ படத்திலும் இவ்விருவரும் சேர்ந்து உழைத்தவர். அத்தகைய தோழமையிலே விரிசல் வந்தது வருந்தத்தக்கது. 2012இல் அது பொருந்தியது மகிழத்தக்கது.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர் கவனித்தல் வேண்டும். 2009ஆம் ஆண்டுத் திருத்தம் சுவையிலே பிழைத்தது என்பேன். நேர்மையிலே பிழைத்தது என்னேன். ‘மாற்றினேன்; இப்படி மாற்றினேன்; இதற்காக மாற்றினேன்’ என்று இயக்குநர் வெளிப்படச் சொன்னார். பழைய டி.வி.டி. இருந்தது, ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது, எதிர்க்க முடிந்தது, எதிர்ப்பின் பயனாகத் திருந்திய பதிப்பும் வந்தது. சுவடி பதிப்பிக்கும் நல்லறிஞர் கைக்கொள்ளும் முறையும் இதுவே. தாம் கொண்ட பாடத்தை மேலே வைப்பர். தள்ளிய பாடத்தை அடியிலே பிரதிபேதமாகக் காட்டுவர். அவர் தெரிவு பிழையாயினும், படிப்பவன் அடிக்குறிப்பைக் கொண்டு சரியானதைத் தேர்ந்துகொள்வான். சொல்லிச் செய்த பிழை திருத்தத்தக்கது.

சொல்லாமற் செய்த திருத்தம்

சொல்லாமற் செய்த திருத்தமோ வேறு வகையினது. அதுவும் இப்படத்துக்கே நேர்ந்தது. 2019இல் பொக்ஸ் நிறுவனத்தின் படங்கள் டிஸ்னி நிறுவனத்தின் கைக்கு மாறின. 2023ஆம் ஆண்டு நடுப்பகுதியிலே, அமெரிக்காவில் இணையவழியாக இப்படத்தைப் பார்த்தோர், ஓரிடத்திலே சில விநாடிகள் குறைவதைக் கண்டுபிடித்தனர். படத்தின் தொடக்கத்தை அடுத்து வரும் இடம் அது. கைதான கறுப்பு இளைஞன் ஒருவனின் கத்தியால் றூசோவின் கையிலே காயம். பொலிஸ் நிலையத்திலே டொய்ல், அவ்வினத்தவரைக் குறிக்கும் மிக இழிந்த சொல்லைச் சொல்லி, அவர்களை நம்பலாகாது என்கிறான். வெள்ளையனாகவும் இருந்திருக்கலாமே என்று றூசோ மறுமொழி சொல்ல, எவனையுமே நம்பலாகாது என்கிறான் டொய்ல். இந்த உரையாடலே வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய இடத்திலே படம் துள்ளிச் சென்றது. ‘இங்கே ஒரு பகுதி நீக்கப்பட்டது’ என்ற ஒரு வரி அறிவித்தல்கூடப் படத்திலே இல்லை.

அந்தச் சொல் கேட்கத்தகாதது. என் மாணவன் ஒருவன் எந்த இனத்தவரையாயினும் அப்படிப்பட்ட சொல்லால் அழைத்தால் வகுப்பிலே நிற்க விடேன். அச்சொல்லாலே தலைமுறை தலைமுறையாகப் புண்பட்டவர், அதனைக் கேட்க விரும்பேன் என்றால் அவர் மனத்தை நான் மதிக்கிறேன். படத்தின் தொடக்கத்திலே எச்சரிக்கை வைப்பதையும் ஏற்கிறேன்.

ஆனால் நீக்கியதன் பயன் என்ன? புண்பட்டவருக்கு இலாபம் இல்லை, டொய்லுக்கே இலாபம். அவ்வுரையாடல் இல்லாத டொய்ல் சற்றே நல்லவன், சற்றே நம்பத்தக்கவன். 1971இல் படம் அவனை அப்படிக் காட்டவில்லை. அன்றைய பெருநகரத்துப் பொலிஸ் எப்படிப் பேசிற்று என்பதற்கு அது சாட்சி. சாட்சியின் வாயைக் கழுவினால் அழுக்கு நீங்காது. அழுக்கு இருந்தது என்பதற்கான சான்றே நீங்கும். மேலும், அவ்வுரையாடலின் இறுதி மொழியைக் காண்க. ஓர் இனத்தை வெறுக்கத் தொடங்கியவன், அடுத்த மூச்சிலே மனிதர் அனைவரையும் ஐயுறுகின்றான். அந்த ஐயமே வளர்ந்து வளர்ந்து, முடிவிலே பாழ்வீட்டின் இருளில் தன் பக்கத்தவனைச் சுட வைக்கின்றது. விதையைப் பிடுங்கிவிட்டால், மரம் எங்கிருந்து முளைத்தது என்று பார்ப்பவன் எப்படி அறிவான்? சில விநாடிகள்தாம். ஆயினும் அவை படத்தின் திறவுகோல்.

இந்த வெட்டு வெளிப்பட்டது எதனாலே? பழைய இறுவட்டுக்கள் மக்கள் வீடுகளிலே இருந்தமையாலே. இணையவழித் திரையிலே நாம் காண்பது, உரிமையாளர் அன்றன்று அனுப்பும் பிரதி. நேற்றுப் பார்த்ததும் இன்று பார்ப்பதும் ஒன்றே என்பதற்கு உறுதி இல்லை. இறுவட்டோ நம் அலுமாரியிலே இருப்பது. அதனை யாரும் இரவோடிரவாக மாற்ற இயலாது. ஏட்டுச் சுவடி ஒரு வீட்டிலே தப்பிப் பிழைத்தமையால் நூல் முழுவதும் பிழைத்த வரலாறுகளை நாம் அறிவோம். அத்தகைய காவலையே இன்று இந்தச் சிறு வட்டத் தகடுகள் செய்கின்றன. பழைய படங்களின் இறுவட்டுக்களை ‘இனி எதற்கு?’ என்று எறிந்துவிடும் இளைஞர் இதனைச் சிந்திப்பார்களாக.

2023ஆம் ஆண்டு தொடக்கத்திலே றொய்ஸ்மன் மறைந்தார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே பிரீட்கின் மறைந்தார். 2025இல் ஹக்மனும் மறைந்தார். இனி நிறத்தைப் பற்றியோ சொல்லைப் பற்றியோ அவர்களைக் கேட்பதற்கில்லை. எஞ்சியிருப்பது பாடமும் பாடபேதமுமே. அவற்றைப் பேணுவது பார்ப்போர் கடன்.

முடிவாக, அந்த உண்மை வழக்கின் கடைசி அத்தியாயத்தைச் சொல்லி அமைகிறேன். கைப்பற்றிய ஹெரோயினைச் சான்றுப் பொருளாக நியூ யோர்க் பொலிசார் தம் களஞ்சியத்திலே வைத்துப் பூட்டினர். படம் வெளிவந்து ஓராண்டு கழிந்த பின், 1972 டிசம்பரிலே பொதிகளைத் திறந்து பார்த்தனர். பொதி இருந்தது. மேலே ஒட்டிய சீட்டும் இருந்தது. உள்ளே இருந்தது மாவு. சரக்கு எப்போதோ களவு போய்விட்டது. மேற்சீட்டை மட்டும் பார்த்தவர் எல்லாம் சரியாக இருக்கின்றது என்றே எண்ணியிருந்தனர். பெயர் மாறாமல் பொருள் மாறுவது களஞ்சியத்திலே மட்டும் நிகழ்வதன்று. நூலிலும் நிகழும், படத்திலும் நிகழும். ஆதலால், மேற்சீட்டோடு நில்லாமல் பொதியை அவிழ்த்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.